ஏடெழுதிப் பாடுவோரும் ஏடின்றிப் பாடுவோரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் புலிட்சர் பரிசு, இசைத்துறையைப் பொறுத்தமட்டில், நெடுங்காலம் மேனாட்டுச் செவ்வியல் இசைவாணர்க்கும், பிற்காலத்தே ஜாஸ் இசைவாணர்க்குமே உரியதாயிருந்தது. 2018-ஆம் ஆண்டில் அப்பரிசு கெண்ட்ரிக் லமார் என்னும் ராப் பாடகரின் இசைத்தொகுதி ஒன்றற்குக் கிடைத்தது. தெருமுனைக் கூச்சலென்று பலராலும் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு கலையைக் கற்றோர் அவை ஏற்றுக்கொண்டமைக்கு இஃதோர் அடையாளம். இக்கலையிற் பயிலும் பாட்டுகள் எல்லாம் நம் கல்லூரி மண்டபத்தில் ஓதத்தக்கன என்று யாம் கூறவரவில்லை. அவற்றுட் பல அத்தகையன அல்ல என்பது கேட்டார்க்கு வெளிப்படை. ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. இப்பாடகர் தம் பாட்டை எவ்வாறு இயற்றுகின்றனர்? எழுதுகோலும் தாளும் கொண்டா, மனத்துள்ளே யாத்து நிறுத்தியா, அன்றி நின்ற நிலையில் வாய்க்கு வந்தவாறோ? மேற்போக்காக நோக்கின் எளிய வினாவே. ஆயினும் புகுந்து பார்ப்பார்க்கு நினைவு, எழுத்து, உடைமை, நீதி ஆகிய பலவற்றையும் அது தொட்டு நிற்கும்.

முதற்கண், பாட்டின் அளவை அறிதல் வேண்டும். ராப் என்பது இராகம் நீக்கித் தாளம் கொண்ட பேச்சு என்று ஒருவாறு சொல்லலாம். நான்கு தட்டு ஒரு தாளவட்டம். பதினாறு வட்டம் சேர்ந்தது பெரும்பான்மையும் ஒரு பாட்டுறுப்பு. இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் முரசொலி ஓங்கி விழும். வட்டத்தின் இறுதியில், அந்நான்காந் தட்டையொட்டி, இயைபு வந்து பொருந்தும். நம் செய்யுளில் எதுகை அடியின் முதற்கண் நிற்க, அவர்க்கு ஒலியொப்புமை அடியின் கடைக்கண் நிற்பதென்க. ஒரு நிமிடத்திற்குத் தொண்ணூறு தட்டு விழும் நடையைக் கொண்டால், ஒரு வட்டம் முடிய இரண்டே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பதினாறு வட்டமும் 43 நொடிக்குள் முடிந்துவிடும். எழுதுவோன் ஓரடிக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். நின்ற நிலையிற் பாடுவோனோ அந்த இரண்டே முக்கால் நொடிக்குள் பொருளும் இயைபும் மூச்சும் மூன்றனையும் ஒருங்கே தேடிக்கொள்ளுதல் வேண்டும். இவ்வொரு கணக்கை மனத்திலிருத்திக்கொண்டால் பின் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இக்கலை தோன்றியது நியூயார்க்கு நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய கேளிக்கையை அதன் பிறந்தநாளாகக் கொள்வது வழக்கம். அவர் பக்கத்தே கோக் லா ராக் என்பார் ஒலிபெருக்கியைக் கையிற்கொண்டு, வந்திருந்த நண்பர் பெயர்களை விளித்தும், ஆடுவோரை ஊக்கியும் இரண்டொரு சொற்களை உதிர்ப்பார். அவற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் சில்லாண்டுகளுக்குள் அவ்விரண்டு சொல் நான்கடியாயின, நான்கடி நெடும்பாட்டாயிற்று. குழுவாகச் சேர்ந்து ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துப் பாடும் முறை வந்தபின், எழுதாமல் ஆகாது என்ற நிலை வந்தது. ஒவ்வொரு பாடகரும் ஒரு பாட்டேடு வைத்திருப்பாராயினர். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடிட்ட நோட்டுப் புத்தகமே அது.

அவ்வேடு பற்றிய கதையொன்று இக்கலையின் வரலாற்றில் மறவாது பேசப்படுவது. 1979-இல் நியூ ஜெர்சியில் ஸில்வியா ராபின்ஸன் என்னும் அம்மையார் ராப் பாட்டொன்றை இசைத்தட்டில் வெளியிட விரும்பிப் பாடுவோரைத் தேடினார். பிட்ஸா என்னும் அப்பம் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹேங்க் என்பார் அவர் கண்ணிற் பட்டார். ஹேங்க் தாமே பாட்டியற்றுபவர் அல்லர். கிராண்ட்மாஸ்டர் காஸ் என்னும் பிராங்க்ஸ் புலவர்க்குக் காரியம் பார்த்தவர். அவர் காஸின் பாட்டேட்டை வாங்கிச் சென்று, அதிலிருந்த அடிகளையே பாடினார். ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்னும் அப்பாட்டு உலகெங்கும் பரவிற்று. காஸுக்கு இயற்றியோர் என்ற பெயரும் கிட்டவில்லை, பொருளும் கிட்டவில்லை. இதில் வியப்பு யாதெனில், காஸ் தம் பழைய புனைபெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடியிருந்த அடியைக்கூட ஹேங்க் மாற்றாது பாடிவிட்டமையே. பிறர் வீட்டுக் குடத்தைக் கவர்ந்தவன் அதில் வெட்டிய பெயரோடு அதனைத் தெருவிற் சுமந்து சென்றது போலும்! மனத்தில் மட்டும் இருந்த பாட்டாயின் அதனை அவ்வளவு எளிதிற் கடன் கொடுத்திருக்கவியலாது.

இனி, ‘பிரீஸ்டைல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அதனைக் களையாமல் மேற்செல்லுதல் தகாது. இற்றை நாளில் அச்சொல் கேட்டவுடன் முன்னேற்பாடின்றி அவ்விடத்திலேயே பாடும் ஆசுகவியையே யாவரும் நினைப்பர். 1980-களில் பாடிய முதியோர் அவ்வாறு வழங்கவில்லை. பிக் டாடி கேன் முதலானோர் கூறுமாறு, அக்காலத்தில் ஒரு குறித்த பொருளைப் பற்றியதன்றித் தன் புலமையை வெளிக்காட்டவே கட்டற்று எழுதப்பட்ட பாட்டே ‘பிரீஸ்டைல்’, அஃது எழுதப்பட்டதே. எழுதாமற் பாடுவதை ‘தலையின் உச்சியிலிருந்து பாடுதல்’ என்று வேறு சொல்லாற் குறித்தனர். 1990-களில் போட்டி அரங்குகள் பெருகியபோது பொருள் பெயர்ந்தது. ஆகவே பழைய ஒலிப்பதிவொன்றைக் கேட்டு, “இஃது அப்பொழுதே பாடியதன்று, எழுதிப் பாடம் பண்ணியது, ஏமாற்று” என்று பழிப்போர், சொல்லின் வரலாற்றை அறியாது பழிப்போரேயாவர்.

எழுதுவோர் திறத்தை முதலிற் காண்போம். டிட்ராய்ட் நகரத்து எமினெம் இவ்வகையினர்க்குச் சிறந்த சான்று. 2010-இல் தொலைக்காட்சிச் செவ்வியொன்றில் அவர் தம் பெட்டிகளைத் திறந்து காட்டினார். அவற்றுள் பாட்டேடுகள் இல்லை. கிழிந்த தாள்களும் விடுதிகளில் வைக்கும் குறிப்புத்தாள்களுமே நிறைந்திருந்தன. அத்தாள்களில் முழுப் பாட்டுக் காண்பது அரிது. சொற்களும் சொற்றொடர்களும் இயைபு நோக்கிச் சிறுசிறு எழுத்தில், சாய்ந்தும் தலைகீழாயும் நெருங்கிக் கிடந்தன. என்றோ ஒருநாள் பயன்படும் என்று தொகுத்துவைத்த சொற்பண்டாரம் அது. ஆங்கிலத்தில் ஆரஞ்சு என்ற சொல்லுக்கு இயைபு இல்லை என்பது பள்ளிப் பிள்ளைகளும் சொல்வது. அச்செவ்வியில் அவர், அச்சொல்லை இரண்டு அசையாகப் பகுத்து, உச்சரிப்பைச் சிறிது வளைத்து, கதவின் கீல், கஞ்சி, பண்டகசாலை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களோடு இயையுமாறு அங்கேயே காட்டினார். சொல்லைச் சொல்லாகக் கொள்ளாது அசையின் கோவையாகக் கொள்ளுதலே இங்கே மறைபொருள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை இயைத்தல் பழைய முறை. நான்கைந்து அசைகொண்ட ஒரு தொடருக்கு அதே உயிரோசை வரிசையுடைய வேறொரு தொடரைக் கண்டு இயைத்தல் இவர் போன்றோர் முறை. அதற்குத் தாளும் பொறுமையும் வேண்டும். பால் எட்வர்ட்ஸ் என்பார் நூற்றுக்கு மேற்பட்ட பாடகரைக் கண்டு வினவி 2009-இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்று இத்துறைக்கு நல்ல துணை. நான்கு தட்டுகளின்கீழ் அசைகளை நிறுத்தி எழுதிப் பார்க்கும் முறை அதில் விளக்கமாக உண்டு.

பலர் சொல்லுக்கு முன்னரே ஓசையைத் தேடுவர் என்பதும் அறியத்தக்கது. இசை ஒலிக்கும்போது பொருளற்ற முணுமுணுப்பை அதன்மேல் ஓடவிடுவர். எங்கே நிறுத்துவது, எங்கே விரைவது, எங்கே மூச்சு வாங்குவது என்பன முதலில் அமையும். பின்னரே அவ்வச்சுக்குள் சொல்லை வார்ப்பர். யாப்பைக் கற்கத் தொடங்கும் மாணாக்கர் வாய்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெண்பாவுக்குச் சொல் தேடுவதை அறிந்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இம்முணுமுணுப்பையே எழுத்துக்கு மாற்றாகக் கொண்டவர் ஜே-ஸீ. புரூக்ளின் பகுதியில் மார்ஸி என்னும் ஏழையர் குடியிருப்பில் வளர்ந்தவர். இளமையில் அவர் நோட்டுப் புத்தகத்தைக் கீழே வையாது எழுதியவர் என்பதை 2010-இல் வெளிவந்த அவர் நூலால் அறிகின்றோம். பின்னர்ப் போதைப்பொருள் விற்கும் தீத்தொழிலில் இறங்கித் தெருவில் நிற்க நேர்ந்தபோது, ஏடு கையில் இல்லை. பாட்டு வந்தால் கடைக்குள் ஓடிப் பழுப்புநிறத் தாட்பையைப் பெற்று அதில் எழுதுவார். அதுவும் இயலாத வேளைகளில் அடிகளை மனத்துள் அடுக்கிவைக்கப் பழகினார். அத்தேவை நாளடைவில் திறனாயிற்று. 1996-இல் வெளியான தம் முதல் இசைத்தொகுதி தொடங்கிப் பெரும்பாலும் தாளின்றியே பாட்டியற்றி வருபவரென அவர் அறியப்படுகின்றார். 2004-இல் வெளிவந்த ‘ஃபேட் டு பிளாக்’ என்னும் ஆவணப் படத்தில், இசை திரும்பத் திரும்ப ஒலிக்க, அவர் அமர்ந்து வாய்க்குள் முணுமுணுத்துப் பின் எழுந்து சென்று பாடுவதைக் காணலாம். பார்ப்போர்க்குச் சித்துவேலையாகத் தோன்றும். அவர் செய்வதோ திருத்துதலும் மாற்றுதலும் நிறைந்த எழுத்து வேலையே. தாள் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நினைவு இப்பாரத்தைச் சுமப்பது எங்ஙனம்? டேவிட் ரூபின் என்னும் உளநூல் அறிஞர் வாய்மொழி மரபுகளில் நினைவின் தொழிலைப் பற்றி 1995-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கருத்தைச் சுருங்கச் சொன்னால், பொருள் ஒன்று மட்டும் அடுத்த சொல்லைக் காட்டித் தராது. இயைபு ஒன்று மட்டும் காட்டித் தராது. தாளத்தின் இடமும் இயைபும் பொருளும் மூன்றும் ஒருங்கே நெருக்கும்பொழுது, அவ்விடத்திற்குப் பொருந்தும் சொல் ஒன்றிரண்டே எஞ்சும். ஆகவே கட்டுப்பாடு மிகுந்த பாட்டு மனத்தில் நிற்றற்கு எளிது. கட்டற்ற உரைநடை நிற்றற்கு அரிது. தேர்வுக்கு உரைநடையை நெட்டுருச் செய்து வருந்தும் மாணாக்க நண்பர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவதாகிய ஆசுகவித் திறமே யாவரையும் மயக்குவது. சூப்பர்நேச்சுரல் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பாடகர், அவையோர் கையில் தூக்கிக் காட்டும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பாட்டிற் கோத்துக்கொண்டே செல்வார். 2006-இல் கலிபோர்னியாவில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது பாடியவர். பொருளைக் காட்டச் சொல்வதன் நோக்கம் தெளிவு. அப்பொருள் முன்பே எழுதிவைத்ததன்று என்பதற்கு அவையே சாட்சி. இத்தகைய பாட்டு நிகழும்போது மூளையில் நடப்பது யாதென்று அமெரிக்க அரசின் தேசிய உடல்நல நிறுவனத்து ஆராய்ச்சியாளர் பன்னிரு பாடகரைக் கொண்டு ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். அதே இசைக்கு ஒருமுறை பாடம் பண்ணிய பாட்டையும், மற்றொருமுறை அவ்வமயம் தோன்றிய பாட்டையும் பாடச் செய்து ஒப்பிட்டனர். தோன்றியவாறு பாடும்போது, முன்மூளையின் நடுப்பகுதி மிகத் தொழிற்பட்டது. தன்னைத் தானே கண்காணித்துத் திருத்தும் செயலுக்குரியதாகக் கருதப்படும் புறப்பகுதி தணிந்திருந்தது. உள்ளிருக்கும் ஆசிரியர் சிவப்பு மையைச் சற்றே கீழே வைத்துவிட்டார் என்று கொள்ளலாம். பன்னிருவரைக் கொண்ட ஆராய்ச்சி சிறிதே. அதன்மேற் பெருமாளிகை எழுப்பற்க.

ஆயின் அவ்வாசுகவி வெறுமையினின்று பாடுகின்றானா? இல்லை என்பதே எம் துணிபு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவிய நாட்டில் எழுத்தறியாப் பாணர்களின் நெடும்பாட்டுகளைப் பதிவு செய்தார். அவர்களுள் ஆவ்தோ மெஜெதோவிச் என்பார் பன்னீராயிரம் அடிக்கு மேற்பட்ட ஒரு கதைப்பாட்டைச் சொல்ல எழுதிக்கொண்டனர். பாரியின் மாணாக்கர் ஆல்பர்ட் லார்டு 1960-இல் நூல்வழி விளக்கியதாவது: அப்பாணன் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் பண்ணியவனல்லன், யாப்பின் அளவுக்கேற்ப முன்னமே வடித்துவைத்த தொடர்களையும் நிகழ்ச்சி வரிசைகளையும் கைவசம் கொண்டு, பாடும்போதே கோப்பவன். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கைலாசபதி இம்முறையை நம் சங்கச் செய்யுட்களுக்குப் பொருத்தி 1968-இல் ஆங்கில நூல் எழுதியமை தமிழ் மாணாக்கர் அறியவேண்டுவது. அவர் முடிபுகளை மறுத்தோரும் உளர். ராப் ஆசுகவியின் நாவிலும் இத்தகைய கைவசத் தொடர் உண்டு. மூச்சு வாங்கவும் அடுத்த இயைபைத் தேடவும் அவகாசம் தருவன அவை. தேர்ந்தவன் அடுத்த அடியின் இறுதிச் சொல்லை முதலிற் கண்டு, அதனை நோக்கிப் பின்னோக்கிக் கட்டுவான். கற்றுக்குட்டி முன்னோக்கி ஓடி, வட்டத்தின் கடையிற் சென்று முட்டிக்கொள்வான்.

கறுப்பின மக்களின் திருச்சபைப் பிரசங்க மரபிலும் இதுவே உண்மை. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் போதகர் நிகழ்த்திய பேருரையின் பிற்பகுதியில், அவர் எழுதிக் கொணர்ந்த தாளை விட்டு விலகித் தம் கனவைப் பற்றிப் பேசினார். அருகிலிருந்த மஹேலியா ஜாக்ஸன் என்னும் பாடகியார் கனவைப் பற்றிக் கூறும்படி குரல் கொடுத்ததாக உடனிருந்தோர் உரைத்துள்ளனர். அப்பகுதி அந்நொடியிற் பிறந்ததோ எனின், அன்று. அதே ஆண்டு ஜூன் மாதம் டிட்ராய்ட் நகரில் அக்கனவையே அவர் பேசியிருந்தார். தாளில் இல்லாதது நாவில் இருந்தது. ராப் கலையைத் தெருவில் முளைத்த காளான் என்று கருதுவோர் இத்தொடர்ச்சியை நோக்குவார்களாக.

இக்காலத்தில் நான்காவதொரு முறையும் தலையெடுத்துள்ளது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லில் வேய்ன் 2002-ஐயொட்டி எழுதுவதை விட்டவர். அதுகாறும் நோட்டுப் புத்தகங்களில் எஞ்சியிருந்தவற்றையெல்லாம் அரைமணிக்கு மேற்பட்ட ஒரே பதிவிற் பாடித் தீர்த்துவிட்டார். இவ்வகையினர் பதிவறையில் ஒலிவாங்கியின் முன் நின்று ஓரடியைப் பாடி நிறுத்துவர், சிந்திப்பர், அடுத்த அடியைப் பாடி ஒட்டுவர். இங்கே எழுதுகோலும் இயந்திரமே, தாளும் இயந்திரமே. புதுமையும் விரைவும் இதில் உண்டு, குறையும் உண்டு. அடிக்கு அடி ஒட்டியமையால் மூச்சு விடும் இடம் பாட்டில் அமைவதில்லை. பின்னர் அரங்கிற் பாடும்போது தாமே இயற்றிய பாட்டைத் தாமே புதிதாகப் பாடம் பண்ணவும் வேண்டியதாகும். எம் உள்ளம் பழைய ஏட்டின் பக்கமே சாய்கின்றது. ஒன்று மட்டும் கூறலாம். எழுதுவதில்லை என்று பெருமை பேசும் ஜே-ஸீயும் லில் வேய்னும் ஏடு பல எழுதித் தீர்த்த பின்னரே ஏட்டைத் துறந்தவர்கள். அப்பெருமையை மட்டும் கேட்டு, முதல் நாளிலேயே தாளை எறியும் இளைஞர்க்கு இஃது யாரும் சொல்வதில்லை.

ஏட்டிற்கு வேறோர் ஆபத்து வந்துளது. அது காஸுக்கு நேர்ந்ததினும் கொடிது. நியூ ஜெர்சியில் 2005-இல் ஒருவர் சுடப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞரின் காரில் அவர் எழுதிய ராப் பாட்டேடுகள் கிடைத்தன. நீதிமன்றத்தில் காவல்துறையினர் ஒருவர் அவ்வேட்டிலிருந்து கொலையும் குருதியும் பாடும் பகுதிகளை ஜூரிமார் முன் நெடுநேரம் படித்தார். அப்பாட்டுகளுட் பல, அக்குற்றம் நிகழ்வதற்கு நெடுநாள் முன் எழுதப்பட்டவை; அந்நிகழ்ச்சியைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. கொலைமுயற்சிக் குற்றம் தீர்ப்பாயிற்று. 2014-இல் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, மறு விசாரணை வேண்டுமென்றது. கொன்றவனைத் தரைப்பலகையின்கீழ்ப் பிணம் புதைத்தவனாகக் கதை எழுதிய எட்கர் ஆலன் போ, தாமே அவ்வாறு செய்தார் என்று எவரும் நம்புவதில்லையே என்று நீதிபதிகள் வினவினர். நம் ஆங்கில வகுப்பில் போவைப் படிப்போர்க்கு இவ்வுவமையின் வன்மை நன்கு விளங்கும். தன்மை இடத்தில் ‘நான்’ என்று பாடியதாலேயே பாடினோன் வாக்குமூலம் கொடுத்தவன் ஆகான் என்பது எல்லா நாட்டு இலக்கியத்திற்கும் பொதுவிதி. அவ்விதி இவ்வொரு கலையின் இளைஞர்க்கு மட்டும் எளிதில் மறுக்கப்படுகின்றது.

கலிபோர்னிய மாநிலம் 2022-இல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. குற்ற வழக்கில் ஒருவருடைய பாட்டையோ பிற கலைப்படைப்பையோ சான்றாகக் கொணர விரும்பினால், ஜூரிமார் இல்லாத நேரத்தில் நீதிபதி முதலில் அதனைக் கேட்டு ஆராய்தல் வேண்டும் என்றும், குற்றம் நிகழ்ந்த காலத்தை ஒட்டி எழுந்ததாயினும், குற்றத்தோடு தக்க ஒப்புமை உடையதாயினும், பிறர் அறியாத செய்தியைக் கொண்டதாயினும் அன்றி அதன் சான்றுமதிப்புச் சிறிதே என்றும் அச்சட்டம் வகுத்தது. பிற மாநிலங்கள் யாவும் அவ்வழிச் செல்லவில்லை. ஏட்டை எழுதாமல் மனத்திலேயே வைத்துக்கொண்டால் தப்பலாமோ எனின், அதுவும் இல்லை. ஜார்ஜிய மாநிலத்துப் பெருவழக்கு ஒன்றில், பதிவாகி வெளிவந்த பாட்டுகளின் அடிகளையே, நிபந்தனைக்கு உட்பட்டுச் சான்றாக வைக்கலாம் என்று 2023-இல் நீதிபதி இசைந்தார்.